மார்கழிக் குளிரில் மூன்று நாள் ஊட்டி: பிள்ளைகளோடும் அம்மாவோடும் வருகிறவர்களுக்கு

கேள்வி சுருக்கமாக இது. சென்னைக் குடும்பம்: கணவன், மனைவி, 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன், கூடவே 68 வயது அம்மா. டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ மூன்று நாள் ஊட்டி வர ஆசை. பனி பார்க்கக் கிடைக்குமா, அம்மாவுக்குக் குளிர் தாங்குமா, ரயிலா காரா, எதைப் பார்க்கலாம் எதை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பிறந்தது குன்னூர், வாழ்க்கைப்பட்டது ஊட்டி. 22 வருடமாக இங்கேதான் இருக்கிறேன். ஒவ்வொரு மார்கழியிலும் கீழேயிருந்து ஒரு சொந்தக்காரக் குடும்பமாவது வந்து எங்கள் வீட்டில் தங்கிப் போகும். அவர்களோடு அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

தாராளமாக வாருங்கள். ஆனால் மே மாதம் வருகிற மாதிரி வராதீர்கள். மே மாத ஊட்டி பூவுக்கானது. காலையிலிருந்து இரவு வரை ஊர் சுற்றலாம். மார்கழி, தை மாத ஊட்டி விடியற்காலைக்கும் இளவெயிலுக்கும் ஆனது. விடிந்து இரண்டு மணி நேரம், பிறகு பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை வெயில், அவ்வளவுதான் உங்கள் நாள். அதற்குள் ஒன்பது 'வியூ பாயின்ட்' என்று வண்டிக்காரர் ஒரு பட்டியல் நீட்டுவார். அதை ஒத்துக்கொண்டால் மூன்று நாளும் காருக்குள்தான் இருப்பீர்கள்.

முதலில் பனி விஷயம். நம் தமிழில் ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, சாலையை மறைக்கிற மூட்டமும் பனி, காஷ்மீரில் வானத்திலிருந்து கொட்டுவதும் பனி. போன வருடம் வந்த என் நாத்தனார் மகன் பொம்மை செய்யலாம் என்று பிளாஸ்டிக் மண்வெட்டியோடு வந்து இறங்கினான். பிள்ளைகளிடம் புறப்படும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஊட்டியில் வானத்திலிருந்து பனி கொட்டாது. இங்கே இருப்பது உறைபனி. மழைக்காலம் தணியும்போது முதலில் நீர்ப்பனி விழும், புல்வெளியில் நடந்தால் செருப்பும் காலும் நனைந்துவிடும். குளிர் இறுக இறுக அதுவே நவம்பர் கடைசியிலிருந்து உறைபனியாக மாறும். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய அது உச்சத்தில் இருக்கும், சில வருடம் பிப்ரவரி வரை நீளும்.

அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். புல்வெளி முழுக்க உப்புத் தூவினது போல வெளுத்துக் கிடக்கும். கிட்டப் போய் உட்கார்ந்து ஒரு புல்லை மட்டும் பாருங்கள். விளிம்பு நெடுக ஊசி ஊசியாகப் பனி முளைத்து நிற்கும். விரல் வைத்தால் 'நறுக்' என்று உடைந்து, அடுத்த நொடி விரலில் தண்ணீராக இருக்கும். மேலே நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். வெளியே நிற்கிற கார்களின் கண்ணாடியும் கூரையும் வெள்ளையாகிவிடும், பிள்ளைகள் அதில் பெயர் எழுதலாம்.

இது எங்கே கிடைக்கும் என்பதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். உயரம் கூடினால் குளிர் கூடும் என்று நினைத்து விடியற்காலையில் தொட்டபெட்டாவுக்கு வண்டியைக் கிளப்புகிறார்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயரமான சிகரம். ஊட்டி நகரம் சுமார் 2,240 மீட்டர். ஆனால் உறைபனி சிகரத்தைத் தேடிப் போவதில்லை, பள்ளத்தைத் தேடி இறங்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தரை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் ஓடுவது போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான, ஈரமான புல்வெளிகளில் வெள்ளையாக இருக்கும்போது மேட்டில் இருக்கிற வீட்டு முற்றம் பச்சையாகவே இருக்கும். செய்தியில் 3 டிகிரி, 4 டிகிரி என்று சொன்ன நாளிலும் புல் வெளுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெப்பமானி அளக்கிற ஆள் உயரக் காற்றைவிடப் புல்லின் முனை குளிர்ந்துபோயிருக்கும், அதுதான் காரணம்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது தலைகுந்தாதான். கூடலூர் சாலையில் ஊட்டியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். ஜனவரித் தொடக்கத்தில் இங்கே சூரியன் கிளம்பவே ஆறேமுக்கால் ஆகும். ஆறேகாலுக்கு அங்கே இருந்தால் வெளிச்சம் மெல்ல வருவதையும், வெயில் தொட்ட இடத்தில் மட்டும் பனி ஆவியாகக் கிளம்புவதையும் முழுக்கப் பார்க்கலாம். எட்டு மணிக்குப் போனால் வெறும் ஈரப்புல்தான். முந்தின இரவு வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் அலாரம் வையுங்கள். மேகம் மூடியிருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள், மறுநாள் பனி இருக்காது. மூன்று நாளில் ஒரு நாளாவது தெளிந்த இரவு அமைய ஜனவரியில் நல்ல வாய்ப்பு உண்டு.

இருட்டு விலகுவதற்கு முன் சாலையை விட்டு உள்ளே போகாதீர்கள். கரடி, சிறுத்தை நடமாடும் இடம். காட்டெருமைகள் ஊருக்குள்ளேயே மேயும், சாதுவாக நிற்கிறதே என்று யாரும் கிட்டே போய்விடக் கூடாது. இன்னொன்று, விளைநிலத்துக்குள் இறங்கி மிதிக்காதீர்கள். நமக்குக் காட்சியாக இருப்பது அந்த விவசாயிக்கு நஷ்டம். ஓர் இரவு பலத்த உறைபனி விழுந்தால் தேயிலைக் கொழுந்து நெருப்பு பட்டது போலக் கருகிவிடும். விடிந்ததும் தோட்டத்தில் தண்ணீர் பீய்ச்சிப் பனியைக் கரைப்பதைப் பார்ப்பீர்கள். தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளின் மேல் மிலார் செடிகளை வெட்டிவந்து போர்த்தி வைத்திருப்பார்கள், அதுவும் இதற்குத்தான்.

உங்கள் பெண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள். படுக்கப் போகும் முன் ஒரு எவர்சில்வர் தட்டில் விரல் நகம் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மரமோ கூரையோ மேலே இல்லாத திறந்த புல்வெளியில் வைக்கச் சொல்லுங்கள். உறைபனி இரவாக இருந்தால் காலையில் தட்டில் கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ் தகடு இருக்கும். தாழ்வாரத்தில் இன்னொரு தட்டும் வைத்தால் அதில் வெறும் தண்ணீரே இருக்கும். மேலே திறந்த வானம் இருந்தால்தான் சூடு வெளியேறும் என்பது அவளுக்கே புரிந்துவிடும்.

எந்தத் தேதி? குன்னூர், கோத்தகிரி பக்கம் கிழக்குச் சரிவு, வடகிழக்குப் பருவமழை நேராக அங்கேதான் மோதும். நவம்பரிலும் டிசம்பர் முற்பாதியிலும் மண் சரிந்து மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் பாதையும் சாலையும் அடைபடுவது அடிக்கடி நடக்கும். ஆகவே டிசம்பர் 20-க்குப் பிறகு. அதிலும் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும் பொங்கல் விடுமுறையிலும் ஊட்டி நடுவிலுள்ள சேரிங்கிராஸ் சந்திப்பில் வண்டி நகராது, ரூம் வாடகையும் ஏறிவிடும். பெண்ணின் பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போட முடியுமானால் ஜனவரி இரண்டாம் வாரம், பொங்கலுக்கு முன், வார நாட்களில் வாருங்கள். வானமும் தெளிவாக இருக்கும், ஊரும் அமைதியாக இருக்கும். அரையாண்டு விடுமுறையில்தான் முடியும் என்றால் நகரத்துக்குள் ரூம் எடுக்காதீர்கள். கேத்தி, லவ்டேல் பக்கமோ கோத்தகிரியிலோ தங்குங்கள்.

ஜனவரி வாக்கில், நீலகிரியின் படகர் சமூகத்தாரின் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். கோத்தகிரி அருகே பேரகணியில் வெள்ளை உடுத்திய கூட்டம் மலைச்சரிவு முழுக்க நிற்கும். உங்கள் தேதியோடு அது சேர்ந்து வந்தால் அன்றைக்குக் கோத்தகிரிச் சாலையில் நேரம் பிடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மார்கழி, தை என்றாலே முதலில் நினைவு வருவது அந்த வெள்ளைக் கூட்டம்தான்.

ரயிலா காரா என்ற கேள்விக்கு என் பதில்: ஏறுவதற்கு மலை ரயில், இறங்குவதற்கு வாடகைக் கார். சென்னையிலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் விடும். அங்கே 7.10-க்கு மலை ரயில். 46 கிலோமீட்டர்தான் தூரம், ஆனால் ஊட்டி வந்து சேர மதியம் பன்னிரண்டு ஆகும். 4 வயதுப் பையன் அவ்வளவு நேரம் உட்காருவானா என்று யோசிப்பீர்கள். உட்காருவான். கல்லாறு வரை சாதாரண ரயில். கல்லாறு தாண்டினதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை ஒன்று ஆரம்பிக்கும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். 12 அடி போனால் 1 அடி ஏற்றம், இந்தியாவில் வேறு எந்த ரயிலும் இவ்வளவு செங்குத்தாக ஏறுவதில்லை. நீராவி இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் முதல் பெட்டிக்கு முன்னே எதுவும் மறைக்காது. மொத்தப் பாதையில் 16 குகை, 208 வளைவு, 250 பாலம். ஒவ்வொரு குகையிலும் பெட்டி முழுக்கக் கத்தும், உங்கள் பையனும் கத்துவான். ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லோரும் இறங்குவார்கள். குரங்கு பிஸ்கட்டைப் பிடுங்கும், கையில் எதையும் கொடுத்து அவனை வெளியே விடாதீர்கள்.

குன்னூர் வரையான பாதை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் திறந்தது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டிக்கெட் குறைவு, ஆசைப்படுகிறவர்கள் அதிகம். 60 நாளுக்கு முன் முன்பதிவு திறக்கும் காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். கிடைக்காவிட்டாலோ, மண்சரிவால் ரயில் ரத்தானாலோ மனம் உடையாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டு, இன்னொரு நாள் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மட்டும் ரயிலில் போய் வரலாம். பல்சக்கரம் அந்தப் பகுதியில் இல்லை. ஆனால் லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் என்று தேயிலைத் தோட்டத்துக்கும் கேரட் வயலுக்கும் நடுவே போகிற அழகான ஒரு மணி நேரம் அது.

சொந்தக் காரில் வருவதானால் இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம். அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்துக்குள் தடை, செக்போஸ்டில் வாங்கிவைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள். மலைச்சாலை பழகாதவர் இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் சூடேறி பிடிக்காமல் போய்விடும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவதுதான் மலையில் முறை. கல்லட்டி வழியாக இறங்கலாமா என்று மேப் பார்த்துவிட்டு யாராவது சொல்வார்கள். 36 கொண்டை ஊசி வளைவு உள்ள செங்குத்துப் பாதை அது, உயிர்கள் போன சாலை. குடும்பத்தோடு அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

இப்போது அம்மா. இந்த உயரத்தில் மூச்சுத் திணறல் சாதாரணமாக வராது, இது லடாக் இல்லை. பிரச்சினை குளிரும் வறண்ட காற்றும்தான். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலரைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்திருக்கட்டும். ரத்த அழுத்தம் குளிரில் கொஞ்சம் ஏறும். மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, புறப்படும் முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவசரம் என்றால் ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மார்கழி மாதம் விடியற்காலையில் தலைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றும் பழக்கம் பல அம்மாக்களுக்கு உண்டு. என் அம்மாவுக்கும் உண்டு. அந்த மூன்று நாள் மட்டும் குளியலைப் பதினொரு மணிக்கு, வெயில் வந்த பிறகு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள், பேத்தியை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

பகலில் 20 டிகிரி வரை வரும், வெயிலில் நின்றால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். நாலரை மணிக்கு நிழல் விழுந்ததும் குளிர் சட்டென்று இறங்கும். ஆகவே ஒரே தடிமனான ஜெர்கினைவிட அடுக்கடுக்காகப் போடுவதுதான் சரி: உள்ளே உடம்போடு ஒட்டிய பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், வெளியே காற்றைத் தடுக்கிற ஒன்று. காதும் பாதமும் மூடியிருந்தால் பாதிக் குளிர் போய்விடும். அம்மாவுக்கும் பையனுக்கும் குரங்கு குல்லா, எல்லோருக்கும் இரண்டு ஜோடிக் கம்பளி சாக்ஸ். பையனுக்குக் கையுறை கூடுதலாக ஒரு ஜோடி, முதல் ஜோடி பனிப்புல்லில் நனைந்துவிடும். சென்னையில் கடை கடையாக அலைய வேண்டாம். தாவரவியல் பூங்காவுக்கு எதிரே திபெத்தியர் கடைகளில் நல்ல ஸ்வெட்டர் கிடைக்கும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் வாசலின் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் இங்கே கல்லாகிவிடும், பாட்டிலைத் தலைகீழாகத் தட்டினாலும் வராது. எங்கள் வீட்டில் இட்லி மாவுப் பாத்திரத்துக்கே கம்பளி சுற்றி அடுப்போரம் வைத்தால்தான் காலையில் பொங்கியிருக்கும்.

ரூம் எடுக்கும்போது படத்தில் தெரிகிற மலைக்காட்சியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். காலை வெயில் ரூமுக்குள் விழுமா? வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? ஆளுக்கு எத்தனை கம்பளி? ஊட்டியின் பல விடுதிகளில் வெப்பமூட்டும் வசதி கிடையாது, கேட்டால் மின்சார ஹீட்டர் வாடகைக்குத் தருவார்கள். தரை முழுக்கக் கார்ப்பெட் விரித்த பழைய ரூம்களில் பூஞ்சை வாடை இருக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. மரத்தரையோ டைல்ஸோ இருக்கிற, கிழக்கு ஜன்னல் உள்ள ரூம் கிடைத்தால் காட்சி கொஞ்சம் குறைந்தாலும் எடுத்துவிடுங்கள்.

இதைத் தயவு செய்து கவனமாகப் படியுங்கள். ரூமுக்குள் கரி மூட்டவே கூடாது. சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பா குடும்பம் ஒரு தனிக் காட்டேஜில் தங்கியிருந்தது. சாயங்காலம் வெளியே கும்முட்டி அடுப்பில் கறி சுட்டிருக்கிறார்கள். படுக்கப் போகும்போது தணல் இன்னும் செக்கச்செவேல் என்று இருக்கிறதே, வீணாவானேன் என்று அதை அப்படியே தூக்கி உள்ளே வைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணியும் அடைத்துவிட்டார்கள். நடுராத்திரி சித்திக்குத் தலைவலி தாங்காமல் விழிப்பு வந்திருக்கிறது. எழுந்து நின்றால் கால் துவண்டு விழுந்துவிட்டார். தவழ்ந்தே போய்க் கதவைத் திறந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள். சின்னவளை உலுக்கி எழுப்ப வெகுநேரம் ஆனது என்று சித்தி சொன்னபோது அவர் கை நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புகை இல்லாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இல்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே மயக்கிவிடும். மலை ஊர்களில் சுற்றுலா வந்தவர்கள் இப்படி இறந்துபோன செய்தி குளிர்காலம்தோறும் வருகிறது. நெருப்பு வேண்டுமென்றால் வெளியே மூட்டுங்கள், வெளியேயே அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள். கேஸ் கெய்சர் உள்ள குளியலறையிலும் காற்றுப் போக்கியைத் துணியால் அடைக்காதீர்கள். அம்மாவுக்கு வெந்நீர்ப் பை ஒன்று போதும். படுக்கும் அரை மணி முன்பே கம்பளிக்குள் வைத்துவிட்டால் படுக்கை கதகதப்பாகிவிடும்.

மூன்று நாளை எப்படிப் பிரிப்பது? முதல் நாள் மதியம் ஊட்டி வந்து சேர்கிறீர்கள். சூடாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். சாயங்காலம் பக்கத்தில் ஒரு சின்ன நடை, வர்க்கியும் டீயும், அவ்வளவு போதும். வர்க்கியை டீயில் முக்கி உடனே வாயில் போட வேண்டும், ஒரு நொடி தாமதித்தால் உடைந்து டம்ளரில் விழுந்துவிடும். டீத்தூள் வாங்குவதானால் இந்தக் குளிரில் பறித்துத் தயாரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் நீலகிரித் தேயிலைக்கு இந்த மாதங்களில்தான் தனி மணம்.

இரண்டாம் நாள் விடியலில் தலைகுந்தா. முடித்துக்கொண்டு ரூமுக்குத் திரும்பி, இட்லி சாப்பிட்டு மறுபடி தூங்கவிடுங்கள். பதினொரு மணிக்குத் தாவரவியல் பூங்கா. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்த மாதத்தில் பூ அதிகம் இருக்காது, மே மாத மலர்க் கண்காட்சிக்காகப் பாத்தி கட்டி நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள். ரோஜாப் பூங்காவை இந்த முறை விட்டுவிடலாம். ஆனால் தாவரவியல் பூங்காவின் பெரிய புல்வெளியில், கம்பளியை விரித்து வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்பதற்கு ஈடாக இந்த ஊரில் வேறொன்றும் இல்லை. அம்மா அங்கேயே உட்காரட்டும். 1847 வாக்கில் தொடங்கிய பூங்கா, அதற்கு உருக்கொடுத்தவர் மெக்ஐவர். ஏறத்தாழ 2 கோடி வருடம் பழமையான கல்மரம் ஒன்று உள்ளே இருக்கிறது, அதை உங்கள் பெண் தொட்டுப் பார்க்கட்டும். மத்தியானம் புனித ஸ்டீபன் தேவாலயம். 1830 வாக்கில் கட்டியது, உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்த மரம். பின்னாலுள்ள கல்லறைத் தோட்டத்தில், இந்த ஊரை உருவாக்கிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். படகு இல்லத்துக்குப் பிள்ளைகள் அடம்பிடித்தால் மட்டும் போங்கள். பைக்காரா ஏரி இன்னும் அழகு, 20 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அதைச் சேர்த்தால் அன்றைய ஓய்வு போய்விடும். நானாக இருந்தால் ஓய்வைத்தான் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாம் நாள் சாமான்களோடு காரில் கோத்தகிரி வழியாக இறங்குங்கள். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் சல்லிவன் 1819-ல் முதலில் கட்டிய பங்களா நினைவகமாக இருக்கிறது. நேரம் இருந்தால் கோடநாடு காட்சிமுனை வரை போய் வரலாம். கீழே மாயாறும், காட்டுக்கு நடுவே தெங்குமரஹாடா கிராமமும், தூரத்தில் பவானிசாகர் நீர்ப்பரப்பும் தெரியும். மேகம் மூடியிருந்தால் அந்த 18 கிலோமீட்டர் அலைச்சல் வீண், கோத்தகிரியில் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். வழியில் நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்கள் தைத்த பூத்துக்குளிச் சால்வை கிடைத்தால், அசல்தானா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் இழையெண்ணிக் கையால் போட்ட வேலை அது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. விலை பேசிக் குறைக்காதீர்கள், ஒரு சால்வைக்குப் பல வாரம் பிடிக்கும்.

மலை இறங்குகிற அன்று காலை பையனுக்குப் பூரியும் பாலும் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். முன் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, போனைக் கையில் கொடுக்காமல் வெளியே பார்க்கச் சொல்லுங்கள், வாந்தி பெரும்பாலும் வராது. கீழே போகப் போக ஒவ்வொரு திருப்பத்திலும் சூடு ஏறும், மேட்டுப்பாளையம் வருவதற்குள் எல்லோரும் வியர்த்துவிடுவீர்கள். காரிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட ஒரு துணிப்பையைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அம்மாவின் மப்ளரும் சாக்ஸும் மட்டும் கையோடு இருக்கட்டும், இரவு ரயிலில் ஏசி குளிருக்கு அவை வேண்டியிருக்கும்.